உருகிப்போகும் சாட்சியம்: சிறு விமானங்களின் வலு இழப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாறு என்ற பெயரில் இதுவரை எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறே. பழுதுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், ஒரு பழுதை முதலில் உணர்ந்தவர் யார், அவரை நம்ப மறுத்தவர் யார், ஈற்றில் அதன் பொறுப்பு யார் தலையிற் சுமத்தப்பட்டது என்பனவெல்லாம் சமூக உறவுகளோடு பின்னிப் பிணைந்த வினாக்கள் என்பதும் போதிய அளவு உணரப்படவில்லை. ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள் பறந்துகொண்டிருக்கையில் எதிர்பாராத வேளைகளில் வலுவை இழப்பதும், சில சமயங்களில் தாமாகவே மீண்டும் சீராக இயங்கத் தொடங்குவதும், தரையில் இறக்கிச் சோதித்தால் எக்குறையும் தென்படாமற் போவதும் அத்துறையில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. அப்பழுதின் வரலாற்றையே இக்கட்டுரை நோக்குகின்றது. இலக்கிய மாணவனுக்கு எஞ்சினில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். விபத்து அறிக்கையும் ஓர் எழுத்து வகைதான். அதற்கும் மரபான சொற்றொடர்கள் உண்டு, எழுவாயை மறைக்கும் வாக்கியங்கள் உண்டு. பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் எவ்வளவு நுணுக்கமாக வாசித்துச் செல்கின்றார் என்பதை அறிந்தவர்களுக்கு இம்முயற்சி விநோதமாகத் தோன்றாது.

முதலில் பழுது பார்ப்பவரின் இக்கட்டை நோக்குவோம். விமானி முறையிடுகின்றார்: மேலே செல்கையில் எஞ்சின் தடுமாறியது, இரு நிமிடங்களின் பின் சரியாகிவிட்டது. மெக்கானிக் எஞ்சினை இயக்கிப் பார்க்கின்றார். அது பிழையின்றி ஓடுகின்றது. இந்நிலையில் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டியது, வானில் இருந்து தரையில் இல்லாதது எது என்பதே. தீப்பொறி வழங்கும் மக்னீற்றோவின் சுருள் சூடேறியதும் துண்டிக்கப்பட்டு, ஆறியதும் மீளப் பொருந்தக்கூடும். எரிபொருள் தாங்கியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே அமுக்கம் தாழ்ந்து ஓட்டம் தடைப்படும். ஆனால் சோதிப்பதற்கென மூடியைத் திறந்த கணமே வெளிக்காற்று உட்புகுந்து தடையை நீக்கிவிடும். சோதனைச் செயலே சாட்சியத்தை அழித்துவிடுகின்றது. பெற்றோலிற் கலந்த நீர், வழிகாட்டியில் இறுகும் வால்வு எனப் பட்டியல் நீளும். எனினும், சுவடே விடாது மறைவதில் காபரேற்றரில் உருவாகும் பனிக்கட்டிக்கு இணையானது வேறில்லை.

பனிக்கட்டி என்றவுடன் குளிர் நாடுகளை நினைப்பது இயல்பு. அது தவறானது. காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தினூடாகக் காற்று விரைகையில் அதன் அமுக்கமும் வெப்பநிலையும் வீழ்ச்சியடைகின்றன. அவ்விடத்திற் சிதறும் பெற்றோல் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய மறைவெப்பத்தை அக்காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கின்றது. இவ்விரண்டும் சேர்ந்து சில நிலைமைகளில் வெப்பநிலையை 35 பாகை செல்சியசுக்கும் மேலாகக் குறைத்துவிடும். காற்றில் உள்ள ஈரம் உறைந்து கழுத்திலும், எரிகலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டு வால்விலும் படிகின்றது. வெளிக்காற்று 21 பாகைக்குக் குறைவாகவும் சாரீரப்பதன் 80 வீதத்துக்கு மேலாகவும் இருக்கும்போது இவ்வாபத்து மிகுதி. ஆயினும் 38 பாகை வெப்பத்திலும் 50 வீத ஈரப்பதனிலும்கூட இது நிகழக்கூடியதே என்று விமானிகளுக்கான அமெரிக்க அரசாங்கக் கைந்நூல் எச்சரிக்கின்றது. எமது கரையோர மாவட்டங்களின் புழுக்கமான பகற் பொழுதும் இவ்வெல்லைக்குள் அடங்கும். வால்வு பகுதி மூடியிருக்கும் வேளையில், அதாவது வலுவைக் குறைத்து விமானம் இறங்க ஆயத்தமாகும் வேளையில், ஆபத்து உச்சமடைகின்றது. விமானம் வயலொன்றில் விழுந்து கிடக்க, நின்றுபோன எஞ்சினின் எஞ்சிய சூட்டில் பனிக்கட்டி உருகி வடிந்துவிடும். பரிசோதகர் வந்து சேரும்போது அங்கே இருப்பது குற்றமற்ற ஓர் எஞ்சின்.

இங்கு கவனிக்கத்தக்கது, இக்குளிர்ச்சி வெறும் தீமையன்று என்பதாகும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது; அடர்த்தி கூடிய கலவை கூடிய வலுவைத் தருகின்றது. எஞ்சினின் வலுவைப் பெருக்கும் அதே நிகழ்முறை அதன் மூச்சையும் அடைக்கின்றது. இயற்கையில் இயங்கியலுக்கு எடுத்துக்காட்டுகளைத் தேடி அடுக்கும் வழக்கம் எம்மிடையே ஒரு சடங்காகவே மாறிவிட்டது. அதில் எனக்கு ஈடுபாடில்லை. ஆனால் இந்த முரண்பாடு, பின்வரும் வரலாறு முழுவதிலும் தொழிற்படுவதாகையால் குறிப்பிடாதிருக்க இயலவில்லை.

1903 இல் றைற் சகோதரர்களின் விமானத்துக்கான எஞ்சினை, டேற்றன் நகரில் அவர்களது சைக்கிள் கடையில் வேலைசெய்த சார்ள்ஸ் ரெய்லர் என்ற மெக்கானிக் ஏறத்தாழ ஆறு வாரங்களில் உருவாக்கினார். அவ்வெஞ்சினில் இன்று நாம் அறியும் காபரேற்றர் கிடையாது. பெற்றோல் சிந்தி விழுந்து, உருளைகளை அடுத்திருந்த சூடான அறையொன்றின் மேற்பரப்பில் ஆவியாயிற்று. எனவே பனிக்கட்டிக்கு அங்கு இடமிருக்கவில்லை. ஆனால் அதற்கு எதிரான குறை இருந்தது. இயக்கிய புதிதில் 16 பரிவலு அளவில் தந்த எஞ்சின், உட்செல்லும் காற்றுச் சூடேறியதும் ஏறத்தாழ 12 பரிவலுவுக்கு இறங்கிவிட்டது. வெப்பம் வலுவைத் தின்றது. அடுத்து வந்த எஞ்சின்கள் வலுவை நாடிக் குளிர்ச்சியின் பக்கம் சாய்ந்தன. ரெய்லர் முதுமையில் வறுமையுற்று, இலவச மருத்துவப் பிரிவொன்றில் கிடந்து, பின்னர் 1956 இற் காலமானார். சகோதரர்களின் பெயர் அறியாத பள்ளிச் சிறுவர் இல்லை. எஞ்சினைச் செய்தவரின் பெயரை அறிந்தோர் சிலரே.

இயந்திரத்தோடு நேரடியாகப் பழகுபவனின் தீர்ப்பா, அவனை வேலைக்கமர்த்தியவனின் தீர்ப்பா மேலோங்குவது என்ற வினா மிக விரைவிலேயே வெளிப்படையான போராட்டமாக வெடித்தது. 1919 யூலையில் நியூ யோர்க்கின் பெல்மன்ற் பார்க் தளத்தில் மூடுபனியின் காரணமாகத் தபால் விமானத்தைச் செலுத்த மறுத்த இரு விமானிகளை அமெரிக்கத் தபால் திணைக்களம் வேலைநீக்கம் செய்தது. வான்தபாலுக்குப் பொறுப்பாயிருந்த ஒற்றோ பிறேகர், நேர அட்டவணை காலநிலைக்காகக் காத்திருக்கக்கூடாது என்ற கொள்கையுடையவர். சக விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உடன்பாட்டின்படி நீக்கப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் மீள அமர்த்தப்பட்டார். ஆனால் அவ்வுடன்பாட்டின் இன்னோர் அம்சம் கவனத்துக்குரியது: காலநிலை பற்றிக் கருத்து வேறுபாடு எழுமிடத்துத் தள முகாமையாளரே முதலிற் பறந்து பார்க்கவேண்டும், அவர் விமானியாக இல்லாதவிடத்துத் தபால் மூட்டைகள் வைக்கும் குழியில் அமர்ந்து விமானியோடு செல்லவேண்டும். தொழிலாளர் போராட்ட வரலாற்றில் இதனை ஒத்த, இத்துணை எளிமையான வெற்றிகள் அதிகமில்லை. கட்டளையிடுபவன் ஆபத்தைப் பகிர்ந்துகொண்டதும் கட்டளையின் தொனி மாறிவிடும் என்பதை அவ்விமானிகள் நன்கு அறிந்திருந்தனர்.

1927 மே 10 ஆம் திகதி சன் டியேகோவிலிருந்து சென் லூயிஸ் நோக்கிப் புறப்பட்ட லிண்ட்பேர்க், முன்னர் தபால் விமானியாக விளங்கியவர். (அவரது பிற்கால அரசியல் எமக்கு உவப்பானதன்று, இங்கு அது பொருளுமன்று.) இரவில் மலைப்பகுதியின் மேலே அவரது றைற் வேர்ல்விண்ட் எஞ்சின் இருமித் தடுமாறியது. உயரத்தை இழந்தும் பெற்றும் சமாளித்துச் சென்ற அவர், காபரேற்றரின் குளிர்ச்சியையே சந்தேகித்தார். நியூ யோர்க்கை அடைந்ததும், அத்திலாந்திக் பயணத்துக்கு முன்னராகக் காபரேற்றருக்குச் சூடான காற்றை வழங்கும் அமைப்பொன்று அங்கு பூட்டப்பட்டது. அவரது முப்பத்து மூன்றரை மணிநேரப் பயணம் பற்றி நூலகம் கொள்ளாத அளவு எழுதப்பட்டுள்ளது. அச்சூட்டுக் குழாயைப் பற்றி அநேகமாக ஒரு வரியே இருக்கும். இந்நிகழ்ச்சியில் விமானியின் முறைப்பாடு உடனடியாக நம்பப்பட்டமைக்குக் காரணம் தெளிவு. முறையிட்டவரே அம்முயற்சியின் தலைவராகவும் இருந்தார். அவருக்கும் மெக்கானிக்குக்கும் இடையே முகாமையாளர் எவரும் நிற்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இதே மிதவைக் காபரேற்றர் வேறொரு வடிவிற் பழுதானது. பிரித்தானிய ஸ்பிற்பயர், ஹரிகேன் விமானங்களிற் பூட்டப்பட்ட றோல்ஸ் றோய்ஸ் மேர்லின் எஞ்சின், விமானி மூக்கைத் திடீரெனத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பாயும்போது நின்று தடுமாறியது. உடல் இருக்கையை விட்டு மேலெழும் அக்கணத்தில் பெற்றோலும் மிதவை அறையின் கூரைக்கு எழுந்துவிடும். அடியிலுள்ள துவாரங்களுக்கு எரிபொருள் கிடையாது. இது முதற்கட்டம், மிகக் குறுகியது. அடுத்த கட்டமே கொடியது. மிதவைகள் நிலைமாறி உட்பாயும் வால்வை முழுதாகத் திறந்துவிட, பம்பியின் அமுக்கத்தில் பெற்றோல் வெள்ளமாகப் பாய்ந்து, கலவை மிதமிஞ்சிச் செறிந்து, கரும்புகை கக்கி எஞ்சின் அடங்கியது. எதிரியின் மெஸர்ஸ்மிற் விமானத்திலிருந்த டைம்லர் பென்ஸ் எஞ்சினுக்கோ எரிபொருள் நேரே உருளைகளுள் உட்செலுத்தப்பட்டதால் இக்குறை இருக்கவில்லை. 1940 இல் பிரித்தானிய விமானிகள் தாமே ஒரு மாற்று வழியைக் கைக்கொண்டனர்: முதலில் விமானத்தைப் புரட்டி, பின்னர் பாய்வது. அவ்வாறு செய்தால் பெற்றோல் அறையின் அடியிலேயே தங்கும். புரட்டுவதற்குச் செலவாகும் நேரத்தில் எதிரி தப்பிவிடுவான் அல்லது பின்னால் வந்துவிடுவான்.

றோல்ஸ் றோய்ஸ் காபரேற்றரைக் கைவிடாமைக்கு அறியாமை காரணமன்று. ஆவியாகும் பெற்றோல் கலவையைக் குளிர்வித்து அடர்த்தியைக் கூட்டுவதால் மிகைவலு கிடைக்கின்றது என்பதே அவர்களது கணிப்பு, கணிப்பும் சரியானதே. 1903 இன் முரண்பாடு இங்கு மீண்டும் தலைகாட்டுகின்றது. வரைபடத்தில் இலாபமாகத் தெரிந்தது, ஆகாயத்தில் ஒரு மனிதனின் உயிர்க் கணக்கில் நட்டமாக விழுந்தது.

இதற்குத் தற்காலிகப் பரிகாரம் கண்டவர் பார்ன்பறோவிலுள்ள றோயல் விமான ஆய்வு நிலையத்தின் பொறியியலாளர் பீற்றிஸ் ஷில்லிங். 1909 இல் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த அவர், பதினான்காம் வயதில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டியவர். மார்கரெற் பாட்ரிட்ஜ் என்ற பெண் பொறியியலாளரின் மின் நிறுவனத்தில் தொழில் பழகி, மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1932 இற் பட்டம் பெற்றவர். புறூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் நோற்றன் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடித் தங்க நட்சத்திரம் பெற்ற பெண்கள் மிகச் சிலருள் ஒருவர். 1936 இல் ஆய்வு நிலையத்திற் சேர்ந்தபோது அவருக்குத் தரப்பட்ட வேலை கைந்நூல்கள் எழுதுவது! அவர் வகுத்த பரிகாரம் நடுவே துளையிட்ட சிறு பித்தளைக் கிண்ணம். பின்னர் அது வெறும் துளைத் தகடாக எளிமையாக்கப்பட்டது. முழு வலுவில் எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் வேண்டுமோ அவ்வளவுக்கு மேற் பாயாதவாறு துளையின் விட்டம் கணிக்கப்பட்டிருந்தது. விமானத்தைச் சேவையிலிருந்து விலக்காமலேயே அதனைப் பூட்டலாம். 1941 மார்ச் அளவில் அவரும் ஒரு சிறு குழுவும் தளம் தளமாகச் சென்று பூட்டினர். அவர் தமது மோட்டார் சைக்கிளிலேயே சென்றார். முதற்கட்டக் குறுகிய தடுமாற்றம் முற்றாக நீங்கவில்லை. எனினும் எஞ்சினை அடக்கிய வெள்ளப்பெருக்கு நின்றது. மிதவையற்ற அமுக்கக் காபரேற்றர் 1943 இல் வரும் வரை இத்துளைத் தகடு பயனில் இருந்தது.

உத்தியோகபூர்வ ஏடுகளில் அதன் பெயர் ஆய்வு நிலையத்தின் பெயரோடு சேர்ந்த ‘கட்டுப்படுத்தி’. விமானப்படையினர் வழங்கிய பெயரோ ‘செல்வி ஷில்லிங்கின் துவாரம்’. அப்பெயரில் அன்பும் உண்டு, ஆண்கள் கூடிச் சிரிக்கும் கொச்சையும் உண்டு. ஒன்றில் நிறுவனம் அவரை விழுங்கிக்கொண்டது. மற்றதில் அவர் பகிடியானார். உழைப்பாளி என்ற முறையில் அவர் பெயர் நேராகச் சொல்லப்பட மூன்றாவது வழியொன்று அன்று இருக்கவில்லை. (எதிரியின் எஞ்சின் மேன்மையைப் பாராட்டுவோர் ஒன்றை மறக்கலாகாது: பேர்லினுக்கு அருகில் கென்ஸ்ஹாகன் டைம்லர் பென்ஸ் எஞ்சின் ஆலையில், 1944 இல் நாசி வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களும் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர்.) எவ்வாறாயினும், போர் புரியும் அரசுக்கு விமானியின் முறைப்பாடு தேவையாயிருந்தது. ஆதலால் அது கேட்கப்பட்டது, சாதனமே மாற்றப்பட்டது.

போரின் பின்னர் அமெரிக்காவிற் பெருந்தொகையாக உற்பத்தியான சிறு விமானங்களின் கதை வேறு. அங்கே பரிகாரம் சாதனத்தில் அன்றி விமானியின் கையில் வைக்கப்பட்டது. குளிர்ந்த காற்றில், முக்கால் வலுவில் இயங்கும் எஞ்சினின் உட்செல்லும் காற்றை 50 பாகை செல்சியசளவு சூடாக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று தகுதி விதிகள் கூறின. புகைபோக்கியைச் சுற்றிய உறையிலிருந்து சூடான காற்றைத் திருப்பும் ஒரு குமிழ் விமானிக்கு முன்னே பூட்டப்பட்டது. இக்குமிழ் நல்ல சாதனம். எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதனோடு சேர்ந்து பொறுப்பும் இடம்மாறிற்று என்பதே நான் சுட்ட விரும்புவது. குமிழ் இருப்பதால், பனிக்கட்டி உருவானால் அதை இழுக்காதவன் குற்றவாளி.

இழுப்பவனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்ததாகையால் குமிழை இழுத்தவுடன் வலு மேலும் குறைகின்றது. உருகிய நீர் எஞ்சினுள் இறங்க, அது முன்னிலும் மோசமாக உதறுகின்றது. தான் தவறு செய்துவிட்டதாக அஞ்சிக் குமிழை மீண்டும் உள்ளே தள்ளிவிடத் தூண்டும் கணம் அது. அக்கணத்தைப் பொறுத்திருந்தாற்றான் சுழற்சி உயர்ந்து எஞ்சின் தெளியும். மேலும், சூட்டின் ஊற்று புகைபோக்கி. எஞ்சின் வலுவிழந்த பின் புகைபோக்கி ஆறிவிடும். மருந்து மிகத் தேவையான வேளையில் மருந்தும் தீர்ந்துவிடும். நூறு மணிநேரம்கூடப் பறந்திராத பயிலுநரிடமிருந்து, தரைக்கு ஆயிரம் அடி உயரத்தில், இவ்வறிவும் இப்பொறுமையும் எதிர்பார்க்கப்பட்டன.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1967 இல் தோன்றிய பின்னர் வெளிவந்த விபத்து அறிக்கைகளை வரிசையாக வாசித்தால் இரு வாய்பாடுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒன்று, காபரேற்றரில் பனிக்கட்டி உருவாகக்கூடிய சூழ்நிலையில் வெப்பத்தைப் பயன்படுத்த விமானி தவறினார் என்பது. மற்றது, நிர்ணயிக்க முடியாத காரணங்களால் எஞ்சின் வலு இழந்தது என்பது. இரண்டின் பின்னணியும் பெரும்பாலும் ஒன்றே: மீட்கப்பட்ட எஞ்சினைச் சோதனைத் தாங்கியில் இயக்கியபோது அது இயல்பாக ஓடிற்று. பனிக்கட்டியைக் கண்டவர் எவருமில்லை; வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஒரு வரைபடத்தில் வைத்து ஊகிக்கின்றனர். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். பரிசோதகர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அவர்கள் திரட்டித் தந்த விபரங்கள் இன்றேல் இவ்வாறு எழுதவே இயலாது. விமானிகள் அசட்டையாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் வாக்கியத்தின் அமைப்பை நோக்குக. முதல் வாய்பாட்டில் விமானி எழுவாயாக நிற்கின்றார். இரண்டாவதில் மனித எழுவாயே இல்லை. எஞ்சின் தானாகவே வலுவிழக்கின்றது. அந்தக் காபரேற்றரைத் தெரிந்து, அந்த இடத்திற் பொருத்தி, அந்த விலைக்கு விற்ற நிறுவனம் இரு வாக்கியங்களிலும் இல்லை.

‘அந்த இடத்தில்’ என்று கூறுவது வெறும் பேச்சன்று. 1958 முதல் 1977 வரை ஏறத்தாழ 24,000 உற்பத்தியான செஸ்னா 150 பயிற்சி விமானத்தின் கொன்ரினென்ரல் எஞ்சினில் காபரேற்றர் எஞ்சின் உடலிலிருந்து விலகித் தொங்கியது. லைகோமிங் எஞ்சின்களில் அது எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டிப் பூட்டப்பட்டதால் எண்ணெயின் சூடு ஓரளவு காப்பளித்தது. பழுது பார்ப்போர் அனைவரும் அறிந்த வேறுபாடு இது. உட்செலுத்தல் முறையோ 1930களிலேயே போர் விமானங்களிற் செயற்பட்டுவிட்டது. வசதி படைத்தோர் வாங்கிய பீச்கிராவ்ற் பொனான்சாவுக்கு அது 1958 ஆம் ஆண்டு வகையுடன் கிடைத்தது. சாதாரண பறப்புக் கழகங்களின் செஸ்னா 172 அதனைத் தனது இயல்பான அமைப்பாகப் பெற்றது 1996 இலேயே. உட்செலுத்தலும் குறையற்றதன்று, சூடான எஞ்சினை மீள இயக்குவதற்கு அது படுத்தும் பாட்டை மெக்கானிக்குகள் சொல்லக் கேட்கவேண்டும். ஆயினும் கழுத்திற் பனிக்கட்டி அடைக்கும் ஆபத்து அதில் பெரிதும் நீங்கிவிடுகின்றது. இடைப்பட்ட நாற்பதாண்டுக் காலத் தாமதத்தை விளக்குவது பௌதிகவியல் அன்று, விலைப்பட்டியலே.

1986 இல் நிறுத்தப்பட்ட செஸ்னா 172 உற்பத்தி மீண்டும் தொடங்கியமைக்கு 1994 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டம் வழிசெய்தது. நட்டஈட்டு வழக்குகள் தொழிலையே நசுக்குகின்றன என்ற உற்பத்தியாளரின் வாதத்தை ஏற்று, சிறு விமானமொன்று முதல் வாடிக்கையாளரிடம் கையளிக்கப்பட்டு பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதன் அமைப்புக் குறைபாட்டுக்காக உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அச்சட்டம் விதித்தது. 1977 இற் கையளிக்கப்பட்ட செஸ்னா 150 ஒன்றுக்கு இவ்வெல்லை 1995 உடன் முடிவடைந்தது. அவ்விமானங்கள் பல இன்றும் பயிலுநரோடு பறக்கின்றன. வெப்பக் குமிழ் அவற்றின் வலுக் குமிழுக்கு இடப்புறத்தில் உள்ளது. பழைய காபரேற்றரைக் கழற்றிப் புதிதொன்றைப் பூட்டினால், அப்பாகத்துக்கு மாத்திரம் பதினெட்டாண்டுக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.